தனிக் கட்டடமா, பழைய கிளினிக்கா? வளரிளம் பருவத்தினருக்கான பணத்தை எங்கே போடுவது

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி சுகாதார நிலையத்துக்குத் தனியாக வந்திருக்கிறாள். இரண்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. சீட்டு எழுதுபவர் தலையைத் தூக்காமல், பின்னால் நிற்கும் பத்துப் பேருக்கும் கேட்கிற குரலில், "உடம்புக்கு என்னம்மா?" என்கிறார். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "தலைவலி" என்கிறாள். பத்து பாராசிட்டமால் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். பதிவேட்டில் அன்றைக்கு ஒரு தலைவலி கூடுகிறது.

அந்த நிலையத்தில் வளரிளம் பருவத்தினருக்கான இனப்பெருக்க நல சேவை "உண்டு" என்றுதான் மாவட்ட அறிக்கை சொல்லும். அது பொய்யும் அல்ல. கர்ப்பப் பரிசோதனை அட்டை இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, ஆணுறைப் பெட்டி பிரிக்கப்படாமல் இருக்கிறது, பயிற்சி பெற்ற நர்ஸ் உள் அறையில் உட்கார்ந்திருக்கிறார். மேசைக்கும் அந்த அறைக்கும் நடுவே இருபது அடிதான். வளரும் நாடுகளில் இந்தத் துறையில் செலவாகும் பணத்தின் பெரும்பகுதி அந்த இருபது அடியைத் தொடாமலேயே போய்விடுகிறது என்பது என் எண்ணம். இந்த ஒப்பீட்டை அந்த எண்ணத்தோடுதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரச்சினையின் அளவு தெரிந்ததுதான். 2019 மதிப்பீட்டின்படி, குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் 15 முதல் 19 வயதுப் பெண்களிடம் ஆண்டுக்குச் சுமார் 2.1 கோடி கர்ப்பங்கள். அவற்றில் பாதி அவர்கள் திட்டமிடாதவை. இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று நினைக்கும் இந்த வயதுப் பெண்கள் 3.2 கோடிப் பேர். அவர்களில் 1.4 கோடிப் பேர் நவீனக் கருத்தடை எதையும் பயன்படுத்தாதவர்கள். இருபதைத் தாண்டிய தாய்மார்களைவிட இவர்களுக்குப் பேறுகால வலிப்பும் பிரசவத்துக்குப் பிந்தைய கருப்பைத் தொற்றும் அதிகம் வருகின்றன. நிலைமை மாறாமலும் இல்லை. இந்த வயதில் ஆயிரம் பெண்களுக்கு எத்தனை பிரசவம் என்ற உலகக் கணக்கு 2000இல் 64.5ஆக இருந்தது, 2023இல் 41.3ஆகக் குறைந்துவிட்டது. எது குறைத்தது என்பதில்தான் சண்டை.

ஒரு மாவட்டத்துக்கு நீங்கள் பொறுப்பு, மூன்று வருடத்துக்குப் பணம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேசையில் ஐந்து திட்டங்கள்: இளைஞர்களுக்கென்று தனி மையம்; இருக்கிற அரசு கிளினிக்கைச் சீர்செய்வது; பள்ளி வழியாகப் போவது; வவுச்சரும் (இலவச சேவைக்கான தாள்) மருந்துக்கடையும்; பெண் பிள்ளைகளுக்கான மன்றமும் ரொக்க உதவியும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்தால் மூன்றாம் வருட முடிவில் ஐந்து புகைப்பட ஆல்பங்கள் மிஞ்சும்.

முதலில் ஆள் யார்?

"வளரிளம் பருவத்தினர்" என்ற சொல் 10 முதல் 19 வயது வரை எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. பத்து வயதுச் சிறுமிக்கு வேண்டியது மாதவிலக்கு பற்றிய விளக்கம், கொஞ்சம் கழித்து, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி. பள்ளிக்குப் போகும் பதினேழு வயதுக்காரிக்கு ரகசியம் வேண்டும், பள்ளி விட்ட பிறகு திறந்திருக்கும் கதவு வேண்டும். பள்ளியை விட்டு நின்று வேலைக்குப் போகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அதே பதினேழு வயதில் கல்யாணமாகி மாமியார் வீட்டில் இருப்பவளுக்குத் தனியாக வெளியே போவதே முடியாத காரியம்.

அந்தக் கடைசிப் பெண்ணைத்தான் திட்டம் போடுகிறவர்கள் அதிகம் மறக்கிறார்கள். தெற்காசியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இந்த வயதுப் பிரசவங்களில் பெரும்பகுதி திருமணத்துக்குள்ளேயே நடக்கிறது. நைஜரில் நான்கில் மூன்று பெண்களுக்குப் பதினெட்டு முடியும் முன்பே கல்யாணம் ஆகிவிடுகிறது. அங்கே "இளைஞர் மையம்" என்று பலகை மாட்டினால் அவள் அதைத் தனக்கானதாக நினைக்கவே மாட்டாள். கல்யாணமானவள் ஊர்க் கணக்கில் இளைஞர் இல்லையே.

ஆகவே, உங்கள் மாவட்டத்தில் பள்ளிக்குப் போகிறவள், வேலைக்குப் போகிறவள், கல்யாணமானவள் என்ற இந்த மூன்று பேரில் யார் அதிகம் என்று எண்ணிப் பார்க்காமல் கீழே வரும் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. பையன்களைப் பற்றி நான் குறைவாகவே எழுதப்போகிறேன். அவர்களுக்குத் தேவை இல்லை என்பதால் அல்ல, கையிலிருக்கும் சான்றுகளில் பெரும்பாலானவை பெண்களைப் பற்றியவை என்பதால்.

தனி மையம்: பார்க்க அழகு

வண்ணச் சுவர், தொலைக்காட்சி, டேபிள் டென்னிஸ் மேசை, மூலையில் ஒரு ஆலோசனை அறை. நிதி தருபவர்களுக்கு இது பிடிப்பதற்குக் காரணம் உண்டு: ரிப்பன் வெட்டலாம். விளையாட வருகிற பிள்ளைகள் பேச்சுவாக்கில் ஆலோசனை அறைக்கும் வருவார்கள் என்பது எதிர்பார்ப்பு.

நடந்தது வேறு. பல நாடுகளின் மையங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது ஏறக்குறைய ஒரே காட்சி. அக்கம்பக்கத்துப் பையன்கள், அதிலும் இருபதைத் தாண்டியவர்கள், விளையாட வந்தார்கள். பெண்கள் குறைவாகவே வந்தார்கள். ஆலோசனை அறைக்குப் போனவர்கள் அவர்களிலும் குறைவு. வளரிளம் பருவ நலத்தில் எது பலிக்கவில்லை என்று தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இளைஞர் மையங்களை அந்தப் பட்டியலில் சேர்த்தது. கூடவே சக வயதுக் கல்வியாளர்களையும், ஊரைக் கூட்டி ஒரே ஒரு நாள் நடத்தும் பொதுக்கூட்டங்களையும் சேர்த்தது.

சக வயதுக் கல்வி அந்தப் பட்டியலில் இருப்பது பலருக்கு வலிக்கும். பிள்ளைகள் பிள்ளைகளிடம்தான் பேசுவார்கள் என்பது உண்மைபோலத் தோன்றுகிறது. ஆனால் பயிற்சியால் அதிகம் மாறுவது பயிற்சி பெற்ற பிள்ளையே. மற்றவர்களுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம் தகவல் மட்டும். அவர்களை "ஊசி எங்கே கிடைக்கும், யாரைப் பார்க்க வேண்டும்" என்று வழிகாட்டும் ஆட்களாக வைத்துக்கொண்டால் பயன் உண்டு. அதற்கும் வழியின் மறுமுனையில் ஒரு நல்ல கிளினிக் இருக்க வேண்டும்.

தனி மையத்தின் இன்னொரு சிக்கல் அதன் பெயர்ப்பலகை. பொது கிளினிக்குக்குள் நுழையும் பெண் எதற்கு வேண்டுமானாலும் வந்திருக்கலாம். பால்வினை நோய்க்கும் கருத்தடைக்கும் என்று ஊருக்குத் தெரிந்த கட்டடத்துக்குள் நுழைபவள் வேறு எதற்கு வந்திருப்பாள்? மறைவு தருவதற்காகக் கட்டியதே அவளைக் காட்டிக்கொடுக்கிறது.

இருக்கிற கிளினிக்கைச் சரிசெய்வது

இதில் ரிப்பன் கிடையாது. தென்னாப்பிரிக்கா 1999 முதல் இந்த வழியில் நடந்து பார்த்தது: அரசு கிளினிக்குகளுக்கே தர அளவுகோல் வைத்து, அதை எட்டியவற்றுக்கு வளரிளம் பருவத்தினருக்கு இணக்கமான கிளினிக் என்று அங்கீகாரம் தருவது. 2015இல் உலக சுகாதார நிறுவனமும் இதற்கென எட்டு தரநிலைகளை வெளியிட்டது. பிள்ளைகளுக்குத் தகவல், ஊராரின் ஆதரவு, ஊழியர்களின் திறன், கட்டட வசதி, பாகுபாடின்மை, பதிவேடு, பிள்ளைகளின் பங்கேற்பு என்று போகும் பட்டியல் அது. இந்தியாவில் 2014இல் தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் (தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம்), ஏறத்தாழ 25 கோடி வளரிளம் பருவத்தினரை மனதில் வைத்து, இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் உள்ளேயே இவர்களுக்கான கிளினிக்கை வைத்தது.

இந்த வழி தோற்கும் விதமும் ஊரறிந்தது. ஒரு நர்ஸை மாவட்டத் தலைநகருக்கு ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்புவார்கள். சான்றிதழோடு திரும்புவார். ஆறு மாதத்தில் இடமாற்றம். சுவரில் போஸ்டர் மட்டும் தங்கும். சீட்டு எழுதுபவருக்கும், காவலாளிக்கும், ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவருக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். பதினாறு வயதுப் பெண் முதலில் சந்திப்பது இவர்களைத்தான். ஆகவே பயிற்சி என்றால் ஒரு நாளோ இரண்டு நாளோ, அந்தக் கட்டடத்தில் சம்பளம் வாங்கும் அத்தனை பேருக்கும், அந்தக் கட்டடத்திலேயே நடக்க வேண்டும் என்பேன்.

உள்ளே இருக்கும் நர்ஸின் மனமும் தனிக் கதை. "குழந்தை பெறாதவளுக்கு காப்பர் டி போடக் கூடாது", "சின்ன வயசில் இம்ப்ளான்ட் வைத்தால் பிறகு குழந்தை நிற்காது" என்று உறுதியாகச் சொல்லும் ஊழியர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். வயது குறைவு என்ற ஒரே காரணத்துக்காகவோ, இன்னும் பிரசவிக்கவில்லை என்பதற்காகவோ, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி, கைத் தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளான்ட் ஆகிய கருத்தடை முறைகளை மறுக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நர்ஸ் அதைப் படித்துமிருப்பார். ஆனால் எதிரில் நிற்பது தன் மகள் வயதுப் பெண் என்றதும் வழிகாட்டல் மறந்து தாய்மை பேச ஆரம்பிக்கிறது: "இந்த வயசில் உனக்கு இதெல்லாம் எதுக்கு?" அந்த ஒரு வாக்கியத்தோடு அவள் மறுபடி வரமாட்டாள். தோழிகளையும் வரவிடமாட்டாள். இதை விரிவுரையால் மாற்ற முடியாது. நோயாளியைப்போல ஒரு பெண்ணை அனுப்பி, என்ன நடந்தது என்று கேட்டுக் குறித்துவந்து, அதை ஊழியர்களோடு உட்கார்ந்து பேசுவது ஓரளவு உதவுகிறது. யாரையும் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டாமல் பேச வேண்டும். பெயர் சொன்னால் அடுத்த தடவை எல்லோரும் உஷாராகிவிடுவார்கள், மாற மாட்டார்கள்.

செலவு என்று பார்த்தால் இதில் பெரும்பகுதி ஏற்கெனவே அரசு தரும் சம்பளத்திலேயே இருக்கிறது. ஒரு திரை, கதவுக்குத் தாழ்ப்பாள், காரணம் கேட்காமல் எண் மட்டும் தரும் டோக்கன், வாரத்தில் இரண்டு நாள் மாலையில் திறப்பது. கடைசியாகச் சொன்னதுதான் கடினம், ஏனென்றால் அது ஊழியர்கள் வீடு திரும்பும் பஸ் நேரத்தோடு மோதும்.

குறை ஒன்று உண்டு, சின்னதல்ல. கிளினிக் எவ்வளவு திருந்தினாலும், திருந்திவிட்டது என்று வெளியே இருப்பவளுக்கு யார் சொல்வது?

பள்ளி

கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் ஒரே இடத்தில் கிடைக்கிறார்கள் என்பது பள்ளியின் பலம். ருவாண்டா 2011இல் ஹெச்.பி.வி. தடுப்பூசியைப் பள்ளிகள் வழியாகக் கொண்டுபோய், 90 சதவீதத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குப் போட்டது. பள்ளிக்கு வராதவர்களைக் கிராம சுகாதாரப் பணியாளர்கள் தேடிப் பிடித்தார்கள். ஒரே தவணை போதும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்ட பிறகு இந்த வேலை இன்னும் எளிதாகியிருக்கிறது. தடுப்பூசிக்குப் பள்ளியைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

பாடம் நடத்துவது வேறு விஷயம். தான்சானியாவின் ம்வான்சாவில் 1990களின் இறுதியில் தொடங்கிய ஒரு பெரிய திட்டம் ஆசிரியர்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் ஒருசேரப் பயிற்சி தந்தது. பிள்ளைகளின் அறிவு தெளிவாகக் கூடியது. ஹெச்.ஐ.வி. தொற்று குறையவில்லை. தெரிந்துகொள்வதற்கும் நடந்துகொள்வதற்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அந்த முடிவு காட்டிவிட்டது.

இதற்கு நேர் எதிரான சங்கதி மேற்குக் கென்யாவில் நடந்தது. எட்டாம் வகுப்புக்கு வெளியாள் ஒருவர் வருகிறார், மொத்தம் 40 நிமிடம். வயதில் மூத்த ஆண்கள் பரிசு கொடுத்துச் சின்னப் பெண்களைச் சேர்த்துக்கொள்வது பற்றி 10 நிமிட வீடியோ. பிறகு, பக்கத்து நகரத்தில் எந்த வயது ஆண்களில் எத்தனை சதவீதம் பேருக்கு ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்ற கணக்கு. மூத்தவனுக்குத்தான் தொற்று அதிகம் என்பது வகுப்பில் பலருக்குப் புதிய செய்தி. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இந்த வகுப்பு நடந்த பள்ளிகளின் பெண்களிடம் கர்ப்பம் 28 சதவீதம் குறைவு. அதிலும் வயதில் மூத்த ஆண்களால் வந்த கர்ப்பங்களே பெரிதும் குறைந்திருந்தன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, "கல்யாணம்வரை விலகியிரு" என்று சொன்ன வழக்கமான பாடத்திட்டத்தால் அந்த விளைவு வரவில்லை. அதே பகுதியில் இன்னொரு சோதனை: பள்ளிச் சீருடையை இலவசமாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மூன்று வருடத்தில் பெண்களிடம் கர்ப்பம் ஏறக்குறைய 16 சதவீதத்திலிருந்து 13க்கு இறங்கியது. உடலைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாத திட்டம் அது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: தடை சொல்லும் அறிவுரையைவிட, அவளுக்குத் தெரியாத ஒரு குறிப்பான தகவலுக்கு விலை அதிகம். பள்ளியில் தங்கியிருப்பதே ஒரு பாதுகாப்பு.

ஆனால் பள்ளி மூடினால் எல்லாம் மூடும். எபோலா காலத்தில் சியரா லியோனில் அதைப் பார்த்தோம். அங்கே 2015இல் கர்ப்பிணிப் பெண்கள் வகுப்பறைக்கு வரக் கூடாது என்று அரசே தடையும் போட்டது. மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது, 2020இல்தான் தடை விலகியது. தான்சானியாவில் இதேபோன்ற தடை 2021வரை இருந்தது. உதவி மிகவும் தேவைப்படும் நாளில் வெளியே தள்ளும் இடத்தை மட்டும் நம்பித் திட்டம் போடுவதில் இருக்கும் ஆபத்து இது.

வவுச்சரும் மருந்துக்கடையும்

நிகராகுவாவின் மனாகுவாவில் 2000இல் தொடங்கி ஏழைப் பகுதிகளின் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 28,700 வவுச்சர்கள் விநியோகிக்கப்பட்டன. சந்தையில், தெருவில், பள்ளி வாசலில் என்று எங்கெல்லாம் கிடைத்தார்களோ அங்கெல்லாம். அந்தத் தாளைக் கொண்டுபோய், பட்டியலிலுள்ள கிளினிக்குகளில் எதில் வேண்டுமானாலும் இலவசமாகக் காட்டிக்கொள்ளலாம். ஐந்தில் ஒன்றுதான் பயன்பட்டது. தோல்வி என்று தோன்றும். ஆனால் வவுச்சர் கிடைத்த பெண்களில் 34 சதவீதம் பேர் சேவையைப் பெற்றிருந்தார்கள், கிடைக்காதவர்களில் 19 சதவீதம்தான். மடகாஸ்கரில் 2013–14இல் கிராம சுகாதாரப் பணியாளர்கள் கையால் 58,000க்கும் மேற்பட்ட வவுச்சர்கள் போயின, அவற்றில் 74 சதவீதம் பயன்பட்டது. தெருவில் கையில் திணிக்கப்பட்ட தாளுக்கும், தெரிந்த அக்கா ஒருத்தி பேசிவிட்டுக் கொடுத்த தாளுக்கும் உள்ள வித்தியாசமாகவும் இது இருக்கலாம். இரண்டு நாடுகள், இரண்டு காலம், நேராக ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் எனக்கு அந்த அக்கா முக்கியமாகப் படுகிறார்.

வவுச்சரின் அழகு இதுதான்: மேசையில் வாய் திறக்க வேண்டாம், தாளை நீட்டினால் போதும். பணம் பின்னால் வரும் என்பதால் கிளினிக்கும் அவளை விரட்டாது. அழகில்லாத பக்கம்: தாள் அச்சடித்து, எண்ணி, போலியைப் பிடித்து, கிளினிக்குகளுக்குப் பணம் தீர்க்க ஒரு அலுவலகமே வேண்டும். போட்டிக்கு நாலு கிளினிக் இருக்கிற நகரத்தில்தான் "எதில் வேண்டுமானாலும்" என்ற வார்த்தைக்கு அர்த்தம். நிதி நின்ற மறுநாள் தாளும் நின்றுவிடும்.

மருந்துக்கடை யாருடைய திட்டமும் இல்லாமலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவேடு கிடையாது, கேள்வி கிடையாது, இரவு ஒன்பது மணிக்கும் திறந்திருக்கும். அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன் என்பதால், அதற்குக் கடைதான் சரியான இடம். ஆனால் வெள்ளைப்படுதலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிபயாடிக் கொடுப்பதும் அதே கடைதான். தானே போட்டுக்கொள்ளும் மூன்று மாதக் கருத்தடை ஊசியில் பலருக்கு நம்பிக்கை. மலாவியில் நடந்த ஆய்வில் ஒரு வருடம் கழித்தும் ஊசியைத் தொடர்ந்தவர்கள், தானே போட்டுக்கொண்டவர்களில் 73 சதவீதம், ஊழியரிடம் போட்டுக்கொண்டவர்களில் 45 சதவீதம். நல்ல முடிவு. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் 18 வயதைக் கடந்தவர்கள். பதினாறுக்காரி அந்த ஊசியை வீட்டில் எங்கே ஒளித்துவைப்பாள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

மன்றமும் ரொக்கமும்

உகாண்டாவில் வங்கதேசத் தொண்டு நிறுவனமான பிராக் அமைப்பு நடத்திய மன்றங்களில் பெண் பிள்ளைகளுக்குத் தொழில் பயிற்சியும் உடல்நலக் கல்வியும் சேர்ந்து கிடைத்தன. நாலு வருடத்தில் அந்த ஊர்களில் வளரிளம் பருவக் கர்ப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதே அமைப்பு அதே வடிவத்தைத் தான்சானியாவில் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. எதியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் 2004–06இல், மகளுக்குக் கல்யாணம் செய்யாமல் இரண்டு வருடம் திட்டத்தில் வைத்திருந்த குடும்பத்துக்கு ஒரு ஆடு கொடுத்தார்கள். 10–14 வயதுப் பெண்களின் கல்யாணம் பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. 15–19 வயதில் அப்படிக் குறையவில்லை, கூடவும் செய்தது. தள்ளிப்போட்டதுதான் நடந்ததோ என்னவோ. மலாவியின் ஸோம்பாவில் பள்ளி வயதுப் பெண்களுக்கும் வீட்டுக்கும் ரொக்கம் தந்த திட்டத்தில் ஹெச்.ஐ.வி. விகிதம், ரொக்கம் பெறாதவர்களிடம் 3.0 சதவீதமாகவும் பெற்றவர்களிடம் 1.2 சதவீதமாகவும் இருந்தது. நிபந்தனையில்லாமல் தந்த ரொக்கம் கர்ப்பத்தையும் கல்யாணத்தையும் தள்ளிவைத்தது, ரொக்கம் நின்று இரண்டு வருடத்தில் அந்தப் பலன் கரைந்துபோனது.

வறுமைதான் வேர் என்றால் இவைதான் வேரைத் தொடுபவை. ஆனால் மாவட்ட சுகாதார அதிகாரியின் மூன்று வருடப் பணத்தால் இது முடியாது. இது தேசிய பட்ஜெட்டின் வேலை.

சட்டம் என்ற ஆறாவது ஆள்

ஐந்தில் எதைத் தேர்ந்தாலும் சட்டம் குறுக்கே வரும். தென்னாப்பிரிக்காவின் 2005 குழந்தைகள் சட்டப்படி, 12 வயதிலிருந்தே பெற்றோர் சம்மதமின்றிக் கருத்தடை பெறலாம். பிலிப்பைன்ஸில் 18க்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு நிலையங்களில் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இந்தியாவில் 2012 போக்சோ சட்டத்தின் கீழ், 18க்குக் கீழே என்றால் சம்மதமான உறவானாலும் குற்றம், தெரிந்த மருத்துவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அவளது அடையாளத்தை அந்தத் தகவலில் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொன்னது. அந்தத் தீர்ப்பை வட்டார மருத்துவமனை மருத்துவர் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? தெரியாத மருத்துவர் ஒன்று புகார் எழுதுவார், இல்லை "வேறு எங்கேயாவது போ" என்பார். பெண் போய்ச் சேரும் அந்த வேறு இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே எந்தத் திட்டத்திலும் முதல் மாதச் செலவாக, நடப்புச் சட்டத்தில் ஊழியருக்கு எதற்குப் பாதுகாப்பு, எது கட்டாயம் என்று உள்ளூர் மொழியில் ஒரே பக்கத்தில் எழுதி நர்ஸின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைக்கச் சொல்வேன்.

என் தேர்வு

இருக்கிற கிளினிக்கைத்தான் எடுப்பேன். அதோடு வெளியிலிருந்து அவளை அங்கே கொண்டுவரும் ஒரு கை. இரண்டும் சேர்ந்தே வேண்டும். மொசாம்பிக் 1999இல் தொடங்கிய திட்டத்தில் பள்ளி, கிளினிக், ஊர் மூன்றையும் ஒன்றோடொன்று கட்டியதும் இந்தக் கணக்கில்தான்.

இந்த இணைப்பை எனக்குத் தெரிந்து மிகத் தெளிவாகச் செய்தது அர்ஜென்டினா. 2017இல் தொடங்கிய அதன் தேசியத் திட்டத்தில், பள்ளிக்குள்ளேயே ஓர் ஆலோசகர் உட்கார்ந்திருப்பார். பெண் அவரிடம் பேசிய பிறகு, சுகாதார நிலையத்தில் அவளுக்கென்று ஒதுக்கிய நேரத்தை அவரே பதிவுசெய்து கொடுப்பார். வரிசை இல்லை, "உடம்புக்கு என்னம்மா" இல்லை, நேராக உள் அறை. அங்கே இம்ப்ளான்ட் உள்பட எல்லாம் இலவசம். 2018க்கும் 2021க்கும் இடையே நாட்டின் வளரிளம் பருவப் பிரசவ விகிதம் சுமார் பாதியானது. முழுப் புகழையும் இந்தத் திட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது, பெருந்தொற்றும் பொதுவான பிறப்பு வீழ்ச்சியும் அதே காலத்தில் நடந்தவை. 2024இல் புதிய அரசு இந்தத் திட்டத்தின் ஊழியர்களில் பெரும்பாலானவர்களின் ஒப்பந்தத்தை முடித்துவிட்டது. பள்ளி ஆலோசகர் ஒப்பந்த ஊழியராக இருந்தது அதன் பலவீனம். ஆகவே என் மாவட்டத்தில் அந்தக் கை ஏற்கெனவே அரசுச் சம்பளம் வாங்கும் ஆளாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பேன்.

பள்ளியில் பிள்ளைகள் நிறைய இருக்கும் மாவட்டம் என்றால் அந்தக் கை ஓர் ஆசிரியையோ பள்ளி நர்ஸோ. இளம் வயதில் கல்யாணமானவர்கள் அதிகம் என்றால் வீடு வீடாகப் போகும் கிராம சுகாதாரப் பணியாளர். அவர் மாமியாரிடமும் பேசத் தெரிந்தவர், குழந்தை எடை பார்க்க என்று சொல்லி மருமகளைத் தனியே உட்கார வைக்கவும் தெரிந்தவர். வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்த நகரம் என்றால் மட்டும், கிளினிக்கிலிருந்து பாதிப் பணத்தை எடுத்து வவுச்சருக்குக் கொடுப்பேன். மருந்துக்கடைக்காரர்களை உட்காரவைத்து, எதை விற்கலாம், எதை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று பேசுவதும் அந்தச் செலவிலேயே அடங்கும்.

தடுப்பூசியை இந்தப் போட்டியிலேயே வைக்க மாட்டேன். அது பள்ளியின் வேலை, தடுப்பூசித் துறையின் பணம்.

கூட்டத்தில் தனி மையத்தின் வரைபடத்தை விரிப்பவரிடம் ஒன்று மட்டும் கேட்பேன்: நாலாவது வருடம் அந்த ஆலோசகருக்குச் சம்பளம் யார் தருவார்கள்? அரசு ஆணை நகல் இருந்தால் பேசலாம். இல்லையென்றால் வரைபடத்தைச் சுருட்டிவிட்டு, சீட்டு எழுதும் மேசையை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று பார்க்கப் போவோம். அந்த வேலையை அன்றைக்கு மத்தியானமே முடித்துவிடலாம்.